உம்ராப் பயணமும் உபரிச் செலவுகளும்

உம்ராவுக்குச் செல்லும் குடும்பத்தினர் இப்பொழுதெல்லாம் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒரு வகை புதியது. இஹ்ராமில் எது கூடும், எது கூடாது என்று கேட்பதற்கு முன்பாகவே, "ஏஜெண்டு கொடுத்த தாளில் அடிப்படைத் தொகைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன, ஹஸ்ரத்! எதை எடுப்பது, எதை விடுவது?" என்று கேட்கின்றனர். கஃபா தெரியும் அறை, மக்காவிலிருந்து மதீனாவுக்கு விரைவு ரயில், தாயிஃப் ஜியாரத், பத்ரு ஜியாரத், மின்வண்டியில் தவாஃப், மரித்தவர் பெயரில் பதல் உம்ரா, திரும்பும் வழியில் துபாயில் இரண்டு நாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை.

உல்லாசக் கப்பல் கம்பெனிகள் வெகுகாலமாகக் கையாண்டு வரும் வியாபார முறை இது. அறைக்கும் பொதுச் சாப்பாட்டுக்கும் ஒரு தொகையைச் சொல்லி ஆளைக் கப்பலில் ஏற்றிக்கொள்வார்கள். பிறகு பானங்களுக்குத் தனி, இண்டர்நெட்டுக்குத் தனி, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கத் தனி, சிறப்பு உணவு விடுதிக்குத் தனி என்று வசூலிப்பார்கள். உல்லாசத்திற்குப் போகிறவருக்கு நஷ்டம் வந்தால் அது பணத்தோடு போய்விடும். உம்ராவில் அப்படியல்ல. அந்தத் தாளில் உள்ள சில வரிகள் பணப்பையை மட்டுமல்ல, இபாதத்தையும் தொடுகின்றன. ஆகவேதான் இதை ஒரு மஸ்அலாவாக எடுத்து எழுதுகின்றோம்.

உபரி வசதி என்றாலே அது விரயம் என்று சிலர் நினைக்கின்றனர். அல்லாஹ்வின் பாதையில் எவ்வளவு செலவழித்தாலும் தகும் என்று வேறு சிலர் நினைக்கின்றனர். இரண்டுமே சரியன்று. ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி வருகின்றது. அவர்கள் அம்பாரி ஏதுமில்லாத சாதாரணச் சேணத்தில் அமர்ந்து ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். இதை அறிவிக்கும் அவர்களுடைய பேரர், அவர்கள் கஞ்சத்தனம் உள்ளவரல்லர் என்பதையும் சேர்த்தே சொல்கின்றார். அனஸ் (ரலி) அவர்கள் தோட்டந்துரவு உடைய செல்வந்தர் என்பது வாசகர்கள் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அவ்விதச் சேணத்திலேயே ஹஜ்ஜுச் செய்தார்கள் என்றும், அவர்கள் ஏறிச் சென்ற ஒட்டகமே அவர்களுடைய சாமான்களையும் சுமந்தது என்றும் அனஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். அக்காலத்தில் வசதியுள்ளவர்கள் சாமான்களுக்கென்று தனி ஒட்டகம் வைத்துக்கொள்வது உண்டு. அன்றைய உபரி அது. அண்ணலார் அதை எடுக்கவில்லை.

இதை மட்டும் படித்துவிட்டு, "ஆகவே எதுவும் வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே அண்ணலார் தங்கள் பயணங்களில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் திரையிட்ட அம்பாரியில் அழைத்துச் சென்றுள்ளார்கள். நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்துவிட்டு, இரு மகன்களின் தோள்களில் தொங்கியபடி தள்ளாடி வந்த முதியவரைக் கண்டபோது, அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று உணர்த்தி, வாகனத்தில் ஏறும்படி ஏவினார்கள். உடல்நலமில்லை என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடி தவாஃப் செய்யச் சொன்னார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் ஹஜ்ஜுக்குரிய சக்தி எது என்பதை விளக்கும் இடம் இவ்விஷயத்தில் நமக்கு நல்ல வழிகாட்டி. பயண உணவும் வாகனமும் இருந்தால் சக்தி உண்டு என்று சொல்லிவிட்டு, அந்நூல்கள் அத்துடன் நிற்பதில்லை. வெறும் சேணத்தில் அமர்ந்தால் கடும் சிரமம் ஏற்படும் என்றிருப்பவருக்கு மஹ்மில் எனும் பல்லக்கு கிடைத்தால்தான் அவர் சக்தியுள்ளவர். அந்தப் பல்லக்கு ஒட்டகத்தின் இருபுறமும் சமமாகத் தொங்குவதாயிற்றே! ஆகவே மறுபுறம் அமர ஒரு கூட்டாளியும் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கின்றார்கள். அந்த இமாம்களின் பார்வையில் எவ்வளவு நுட்பம்! பல்லக்கு ஆடம்பரமா அவசியமா என்று அவர்கள் பொதுவாகக் கேட்கவில்லை. ஏறப்போகிறவர் யார் என்று கேட்டார்கள். திடமான வாலிபனுக்கு அது உபரி. இடுப்பு பிடித்துக்கொண்ட மூதாட்டிக்கு அது பயணத்தின் பகுதி.

ஏஜெண்டின் தாளையும் இவ்விதமே படிக்க வேண்டும். குடும்பத்தில் மிகவும் பலவீனமானவர் யாரோ, அவரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும்.

சென்ற வருடம் ஒரு சகோதரர் இப்படிப்பட்ட தாள் ஒன்றுடன் நம்மிடம் வந்தார். தம் உம்மாவையும் மனைவியையும் அழைத்துச் செல்கின்றார். உம்மாவுக்கு இரு முழங்காலிலும் வலி. கஃபா தெரியும் அறைக்கு நேராகக் குறி போட்டிருந்தார். சக்கர நாற்காலித் தள்ளுபவர் என்ற வரி காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டோம். "உம்மாவை நானே கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்விடுவேன், ஹஸ்ரத்" என்றார். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு நடை என்பது மொத்தத்தில் மூன்று கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதற்கு முன்பே தவாஃபின் ஏழு சுற்று. கீழ்த்தளத்தில் நெரிசல் என்று மேல்மாடிக்குப் போனால் ஒவ்வொரு சுற்றும் பன்மடங்கு நீளும். இதைச் சொன்னதும் அவர் மௌனமானார். கூட வந்திருந்த உம்மாதான், "ஜன்னல் வழியாப் பார்க்கவா வாப்பா அவ்வளவு தூரம் போறோம்? எனக்குத் தவாஃபு செஞ்சாப் போதும்" என்று சொன்னார்கள். அத்துடன் அந்தக் குறி மாறிவிட்டது.

கஃபா தெரியும் அறையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தத் தாளிலேயே விலை உயர்ந்த வரி பெரும்பாலும் அதுதான். கஃபத்துல்லாஹ்வைப் பார்ப்பதே இபாதத் என்று பெரியோர்கள் கூறியுள்ளனர், உண்மை. ஆனால் மதாஃபில் நின்று பார்ப்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. மேலும், ஹரமை ஒட்டிய உயர்ந்த கட்டிடங்களில் தொழுகை நேரத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் கூட்டம் சாதாரணமானதன்று. இதைவிட முக்கியம், "அறையிலிருந்தே ஹரம் ஜமாஅத்தில் சேர்ந்துகொள்ளலாம்" என்று சொல்லி விற்பது. பள்ளிக்கு வெளியே நின்று இமாமைப் பின்தொடர்வதற்கு ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் நிபந்தனைகள் உள்ளன. இடையில் தடுக்கும் சுவர் இருக்கக் கூடாது, அணிகள் விட்டுப்போகக் கூடாது, தூரம் வரம்பு மீறக் கூடாது என்பன போன்றவை அவை. பத்தாவது மாடி அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒலிபெருக்கியைக் கேட்டுத் தொழுவது அந்த நிபந்தனைகளுக்குள் அடங்குவது மிகக் கடினம். பணம் கொடுத்து வாங்கிய வசதி தொழுகையைச் சந்தேகத்தில் தள்ளுமானால் அது என்ன வசதி?

இதனால் தூரத்து விடுதியே போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மையில், நாம் தயங்காமல் பரிந்துரை செய்யும் செலவு ஒன்று உண்டென்றால், அது நடை தூரத்தில் உள்ள விடுதிக்குக் கொடுக்கும் கூடுதல் தொகைதான். அஜீஸிய்யா போன்ற பகுதிகளில் விடுதி மலிவு. ஆனால் ஹரம் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். ஒவ்வொரு வக்துக்கும் பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்து, மூன்றாம் நாளிலிருந்து லுஹரையும் அஸரையும் விடுதிப் பக்கத்துப் பள்ளியிலேயே தொழுதுவிட்டு வருகின்ற வயோதிகர்கள் எத்தனையோ பேர். மஸ்ஜிதுல் ஹராமில் ஒரு தொழுகை மற்றப் பள்ளிகளில் தொழும் இலட்சம் தொழுகைகளை விடச் சிறந்தது என்று ஹதீஸில் வந்திருக்க, அந்த வக்துகளை மிச்சப்பட்ட பணத்தோடு எப்படி எடை போடுவது? ஜன்னலுக்குக் கொடுப்பதை நடை தூரத்துக்குக் கொடுங்கள்.

மின்வண்டி விஷயத்தில் ஹனஃபீ சகோதரர்கள் மிகவும் கவனமாயிருக்க வேண்டும். நடக்கச் சக்தியுள்ளவர் தவாஃபையும் ஸஃயையும் நடந்து செய்வது அந்த மத்ஹபில் வாஜிப். தக்க காரணமின்றி வண்டியில் அமர்ந்து செய்துவிட்டு, அதை மீட்டிச் செய்யாமலும் ஊர் திரும்பினால் தம் கொடுக்க வேண்டி வரும். ஷாஃபிஈ மத்ஹபில் நடப்பது சுன்னத்து. வண்டியில் சென்றாலும் நிறைவேறிவிடும், சிறப்புத்தான் போகும். ஆகவே உம்மாவுக்காக எடுத்த வண்டியில், "இடம் காலியாகத்தானே இருக்கிறது" என்று திடகாத்திரமான மகனும் ஏறி உட்கார்ந்துகொண்டால், தாளில் எழுதாத ஓர் ஆட்டின் விலையும் சேர்ந்துவிடும். முடியாதவர்களுக்கோ இதில் எவ்விதத் தடையும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் சாதாரணச் சக்கர நாற்காலிகளும் ஹரமில் உண்டு. தள்ளுவதற்கு வீட்டு ஆள் இருந்தால் இந்தச் செலவே மிச்சம்.

தாயிஃப் ஜியாரத்தும் இவ்வாறே. மக்காவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அண்ணலார் கல்லடி பட்ட ஊர் என்பதால் அங்கே செல்ல முஃமின்களின் உள்ளம் விரும்புவது இயல்பே. ஆனால் அது கர்னுல் மனாஸில் எனும் மீக்காத்தைத் தாண்டிய ஊர். திரும்பி மக்காவுக்குள் வருகின்ற ஹனஃபீ எந்த நோக்கத்தில் வந்தாலும் இஹ்ராம் கட்டியே மீக்காத்தைக் கடக்க வேண்டும். அதாவது அவருக்கு இன்னோர் உம்ரா கடமையாகிறது. உம்ராவை நாடாமல் திரும்பும் ஷாஃபிஈக்கு அது கட்டாயமில்லை. இந்த விபரத்தைத் தாயிஃப் டிக்கெட் விற்பவர் சொல்வதில்லை. இஹ்ராம் துணி விடுதியில் கிடக்க, இவர் சாதா உடையில் பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவார். இன்னோர் உம்ராவுக்கு உடலில் தெம்பிருந்தால் போய் வாருங்கள். இல்லையேல் அந்த நாளை ஹரமிலேயே கழிக்கலாம்.

மதீனா முனவ்வராவில் உஹது, கந்தக், கிப்லத்தைன் ஆகிய இடங்கள் பெரும்பாலும் அடிப்படைத் தொகையிலேயே அடங்கிவிடும். அண்ணலார் சனிக்கிழமைதோறும் நடந்தோ வாகனத்திலோ சென்று வந்த குபாப் பள்ளிக்குச் சிறு வாடகைக் காரே போதும். ரவ்ளா ஷரீஃபில் தொழுவதற்கு நுஸுக் எனும் கைப்பேசிச் செயலி மூலம் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. ஏஜெண்டு தம் உழைப்புக்கு ஏதேனும் கேட்கலாம்; அனுமதியையே விற்பதாகச் சொன்னால் ஏமாற வேண்டாம்.

விரைவு ரயில் 2018-இல் தொடங்கப்பட்டது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே உள்ள சுமார் 450 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். சிறுநீர் உபாதை உள்ளவர்களுக்கும் குழந்தைக்காரிகளுக்கும் இது நல்ல செலவென்றே சொல்வோம். ஆனால் இரண்டு ஊர்களிலும் ரயில் நிலையம் ஹரமிலிருந்து தள்ளியே இருக்கின்றது. பெட்டிகளோடு அங்கே போகவும் வரவும் ஆகின்ற வாடகையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

துபாயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹலாலான உல்லாசப் பயணத்தை மார்க்கம் தடுக்கவில்லை. அதை உல்லாசக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், உம்ராச் செலவில் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

பதல் உம்ரா அப்படி விட்டுவிடக் கூடியதன்று. மரித்துப்போன வாப்பாவின் பெயரில் ஓர் உம்ரா என்றால் பிள்ளைகளின் மனம் இளகிவிடும். தொகையைக் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள். ஓர் இஹ்ராமில் ஒருவருக்காகத்தான் பதல் செய்ய முடியும். செய்பவர் முன்பே தமது உம்ராவை முடித்தவராக இருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிபந்தனை. நாற்பது பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் ஒரே உம்ராவில் நாற்பது பெயரையும் நிய்யத்துச் செய்தால் எந்த வாப்பாவுக்கும் அது பதலாக அமையாது. யார் செய்கிறார், எந்த நாளில் செய்கிறார் என்று சொல்ல முடியாதவரிடம் இதை ஒப்படைக்காதீர்கள். மகனே தன் உம்ராவை முடித்து, தன்ஈம் சென்று இஹ்ராம் கட்டி வந்து வாப்பாவுக்காகச் செய்தால் வாடகைக் கார்ச் செலவோடு முடியும். அதில் கிடைக்கும் மன நிறைவும் வேறு.

"செலவுக்கும் சிரமத்துக்கும் ஏற்பவே கூலி என்று ஆயிஷா நாயகிக்கு ரஸூலுல்லாஹ் சொல்லவில்லையா?" என்று சில ஏஜெண்டுகள் ஹதீஸையே எடுத்துக் காட்டுகின்றனர். ஹதீஸ் சரியானதே. ஆனால் ஷரீஅத் பழிக்காத சிரமமும் ஷரீஅத் பழிக்காத செலவுமே அங்கே கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்து வாங்கிய ஜன்னல் அதில் அடங்காது.

இதனினும் பெரிய தீங்கு ஹஜ்ஜில் நேர்கின்றது. ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வதற்குரிய தொகை கையில் இருக்கும். கடனில்லை, திரும்பி வரும்வரை வீட்டுச் செலவுக்கும் குறைவில்லை. இருந்தும், "போனால் நல்ல வசதியோடு போக வேண்டும்" என்று தனியார் நிறுவனத்தின் உயர்ந்த தொகைக்காக வருடக்கணக்கில் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். ஹஜ்ஜுக்குரிய சக்தி அவருடைய உடல்நிலைக்கேற்ற சாதாரணப் பயணத்தைக் கொண்டு அளக்கப்படுகின்றதே தவிர, தாளின் கடைசி வரியைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. இவர் காத்திருக்கும் வருடங்களில் முழங்காலும் காத்திருக்குமா? அன்று நடக்கக் கூடியவராயிருந்தவருக்கு, பிறகு உண்மையிலேயே பல்லக்குத் தேவைப்பட்டுவிடுகின்றது.

முன்பணம் கொடுக்கும்முன் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். "ஹரமுக்கு அருகில்" என்ற சொல்லை ஒப்புக்கொள்ளாதீர்கள். விடுதியின் பெயர், எந்த வாசலிலிருந்து எத்தனை மீட்டர், ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வோர் உபரிக்கும் தொகையைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ரயில் என்று வாங்கிவிட்டுப் பஸ்ஸில் ஏற்றினால் அந்த வித்தியாசத் தொகை ஏஜெண்டுக்கு ஆகுமானதன்று. அவர் திருப்பித் தர வேண்டியது. "புனிதப் பயணத்தில் இதையெல்லாம் கேட்பதா?" என்று நம்மவர்கள் விட்டுவிடுகின்றனர். தம் சொந்தப் பணத்தை ஒருவர் மன்னித்து விடலாம், அது அவர் இஷ்டம். அண்ணன் தம்பி மூவரும் பங்கு போட்டு உம்மாவை அனுப்பியிருந்தால், கூடச் சென்ற மகன் தன் பங்கை மட்டுமே மன்னிக்க முடியும். மற்ற இருவரின் பங்கை அவர்களிடம் கேட்ட பிறகே விட வேண்டும்.