காவல்காரனிடம் எத்தனைச் சாவி?

விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டாரிடம் வாசல் சாவியைக் கொடுப்போம். பீரோச் சாவியையுமா கொடுப்போம்?

இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணிப்பொறிகளே மேகக் கணிமை. அங்கே ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் அடையாளமும் சாவியும் வேண்டும். முன்பு நிரந்தரச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள் (இன்றும் சோம்பேறிகள் அப்படித்தான்!). பிறகு, சில மணி நேரத்தில் காலாவதியாகும் சாவி வந்தது.

அது மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியே சாட்சி. 2019-இல், அமேசான் மேகத்தில் தவறாக அமைக்கப்பட்டிருந்த அதன் காவல் நிரலை ஒருவர் ஏமாற்றி, அதன் தற்காலிகச் சாவியைப் பெற்றார். வாசலில் நிற்க வேண்டிய அந்த நிரலுக்குச் சேமிப்பறைகளைத் திறக்கும் உரிமையும் தரப்பட்டிருந்தது! அமெரிக்காவில் சுமார் 10 கோடி, கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. 2020-இல் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம்.