செல்வ நாட்டிலே தரித்திரம் ஏன்?

செல்வத்திலே சிறந்த நாடு எதுவென்றால் அமெரிக்காவைத்தான் பலரும் சுட்டுவர். அந்நாட்டிலே 2023-ஆம் ஆண்டில் 3 கோடியே 68 லட்சம் பேர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தனர் என்று அந்த அரசாங்கமே கணக்குக் காட்டுகிறது. நூற்றுக்கு 11.1 பேர். 1973-லும் இதே 11.1 தான்! 1964-இல் ஜனாதிபதி ஜான்சன் வறுமையின் மீது போர் என முழங்கியபோது அது 19 ஆக இருந்தது. பத்தாண்டுக்குள் மளமளவெனக் குறைந்து, பிறகு அரை நூற்றாண்டு ஏறியும் இறங்கியும் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

சோம்பலே காரணம் என்பாருண்டு. நாம் கூலியைக் கணக்கிடுவோம். 2009-இல் மத்திய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்கள் தாமாக அதைக் கூட்டின. கூட்டாத மாநிலங்களில் 2023-லும் அதுவே. வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுதும் ஓயாது உழைத்தாலும் 15,080 டாலர்தான் தேறும். தாயும் ஒரு பிள்ளையும் உள்ள குடும்பத்துக்கு வறுமைக் கோடே 20,000 டாலருக்கு மேல்!

வருவாய் குறைவு என்பதோடு இது முடிவதில்லை. கைமுதல் இல்லாதவன் மூட்டையாக வாங்க இயலாது, பொட்டலமாகத்தான் வாங்குவான். பொட்டல விலைக்கும் மூட்டை விலைக்கும் உள்ள தூரம் வியாபாரிகளான நமக்குத் தெரியாததா? நியூயார்க் நகரின் ஏழைக் குடும்பங்கள் மேசை நாற்காலியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் தவணையில் வாங்கி, அதிக விலை கொடுத்து வந்ததை 1963-லேயே டேவிட் கேப்லோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் நூலாக எழுதினார். இன்னொரு கொடுமை சம்பள முன்கடன். 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் வாங்குவது அங்கே பல மாநிலங்களில் வழக்கம். சிறு தொகைபோல் தோன்றும். ஆண்டு வட்டியாக்கினால் நூற்றுக்கு 390-ஐத் தாண்டும். கட்ட முடியாதவன் கட்டணத்தை மட்டும் செலுத்தித் தவணையை நீட்டுவான். முதல் அப்படியே நிற்கும். வட்டி ஏன் விலக்கப்பட்டதென்று கேட்போருக்கு இந்தக் கணக்கொன்றே போதும்.

இது தீராத நோய்தானா? 2021-இல் ஒரு சோதனை நடந்தது. பிள்ளைகளுக்கான வரிச்சலுகையை அரசு உயர்த்தி, வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் கிடைக்கச் செய்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் ஒரு பங்கைப் பணமாகவே அனுப்பியது. நோய்க்கால உதவிகளும் உடனிருந்தன. மேலே சொன்ன கணக்கில் வரிச்சலுகையும் உணவு உதவியும் சேரா. அவற்றைச் சேர்த்துப் போடும் கணக்கின்படி, அவ்வாண்டு வறுமையிலிருந்த பிள்ளைகள் நூற்றுக்கு 5.2 தான். சலுகையை நீட்டிக்கப் பாராளுமன்றம் இணங்கவில்லை. உதவிகள் நின்றன. 2022-இல் அது 12.4 ஆகிவிட்டது. அவ்வாண்டு அந்நாட்டின் மொத்த உற்பத்தி குறையவில்லை; கூடித்தான் இருந்தது.