ஐ.பி. முகவரி: வியாபாரிகள் தெரிந்து கொள்ள வேண்டியவை

இன்று நடுத்தரமான ஒரு மளிகைக் கடையில்கூட பில் போடும் கம்ப்யூட்டர், பில் அடிக்கும் பிரிண்டர், கேமரா பெட்டி, கைபேசி என்று ஐந்தாறு சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக் கொண்டிருக்கின்றன. ஏதாவது ஒன்று பேச மறுத்தால் "நெட் போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மாத முதல் வாரத்தில் கூட்டம் நிற்கும்போது இப்படி நடந்தால் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். ஆனால் வெளியே நெட் போவது வேறு. கடைக்குள் இருக்கும் தொடர்பு அறுந்து போவது வேறு. எது என்று நாமே கண்டுபிடித்துவிட முடியும்.

நமக்குப் பழக்கமான லாரி ஆபீஸ் வழக்கத்தை வைத்தே பார்ப்போம். நூறு மூட்டை சரக்கை வெளியூருக்கு அனுப்பினால் எல்லாம் ஒரே லாரியில் போக வேண்டும் என்பதில்லை. முன்பின்னாகவும் போய்ச் சேரும். கம்ப்யூட்டரும் செய்தியைச் சிறு சிறு சிப்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புபவர், பெறுபவர் என்று இரண்டு முகவரி எழுதி அனுப்புகிறது. சிப்பத்துக்குப் பாக்கெட் என்றும், முகவரிக்கு ஐ.பி. முகவரி என்றும் பெயர். ஐ.பி. என்பது சரக்கு போய்ச் சேரும் என்று உறுதி தராத லாரிக்காரர் மாதிரி. சிப்பங்களுக்கு எண் போட்டு, வந்ததை வரிசைப்படுத்தி, குறைந்ததை மறுபடி அனுப்ப வைக்கும் கணக்குப்பிள்ளை வேலையை டி.சி.பி. என்ற இன்னொரு விதிமுறை பார்க்கிறது. அமெரிக்காவின் விண்ட் சர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974ல் இதன் அடிப்படையை எழுதி வெளியிட்டார்கள். 1983 ஜனவரி 1 முதல் அங்கிருந்த அர்பாநெட் இம்முறைக்கு மாறியது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல், வி.எஸ்.என்.எல். மூலம்.

முகவரி 192.168.1.20 என்பது போல நான்கு எண்களாக இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை. மொத்தம் 429 கோடி முகவரிதான் தேறும். உலகத்துக்கு இது போதாது. ஆகவே 192.168 என்று தொடங்கும் எண்களைக் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் யார் வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் காந்தி ரோடு இருப்பதைப் போல, பக்கத்துக் கடையிலும் இதே எண் இருக்கலாம், குழப்பம் வராது. வெளியே போகும் சிப்பத்தின் மேல் ரவுட்டர் தன்னுடைய வெளி முகவரியைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் உரிய கம்ப்யூட்டரிடம் சேர்த்துவிடும்.

கடையில் வழக்கமாக முதல் மூன்று எண்கள் தெருப் பெயர், கடைசி எண் கதவு எண். ஒரே தெருவென்றால் உள்ளூர் சரக்கைத் தள்ளுவண்டியில் அனுப்புவது போல நேரே போய்விடும். வேறு தெருவென்றால் லாரி ஆபீசுக்கு, அதாவது ரவுட்டருக்குப் போகும். இதை நன்றாகப் பிடித்துக் கொள்ள வேண்டும். பில் பிரிண்டர் தகராறுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

நெட் கம்பெனியை மாற்றிப் புது ரவுட்டர் வைத்த மறுநாள் பிரிண்டர் ஓடாமல் போவதுண்டு. பழைய ரவுட்டரின் தெரு 192.168.1, புதியதன் தெரு 192.168.0. கம்ப்யூட்டர் புதுத் தெருவுக்குக் குடிபோய்விட்டது. எண்ணை நிலையாக வைத்த பிரிண்டர் பழைய தெருவிலேயே நிற்கிறது. பிரிண்டர் பழுது, புதிது வாங்குங்கள் என்று சொல்லுகிற சர்வீஸ் ஆட்களும் இருக்கிறார்கள். சரியான எண்ணை மாற்றிக் கொடுத்தால் போதும், பைசா செலவில்லை. இன்னொரு வகையும் உண்டு. எண் நிலையாக வைக்காத பிரிண்டருக்கு ரவுட்டரே தற்காலிகமாக ஓர் எண் கொடுக்கும். கரண்ட் போய் வந்தபின் வேறு எண் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் பழைய கதவையே தட்டிக் கொண்டிருக்கும். பிரிண்டருக்கு இன்ன எண்தான் என்று ரவுட்டரில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். யு.எஸ்.பி. கேபிளில் நேரே மாட்டிய பிரிண்டருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பிரிண்டரின் எண் தெரியவில்லையா? லேன் கேபிள் மாட்டும் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில், பேப்பர் தள்ளும் பட்டனை அழுத்திக் கொண்டே ஆன் செய்தால் எண்ணை அச்சடித்துக் காட்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணை அடியுங்கள். பதில் வந்தால் கம்பியும் முகவரியும் சரி. அடுத்து ரவுட்டரின் எண்ணுக்கும், பிறகு 8.8.8.8 என்ற வெளி எண்ணுக்கும் அடித்துப் பாருங்கள். ரவுட்டர் பதில் சொல்லி, வெளி எண் சொல்லாவிட்டால் நெட் கம்பெனிக்குப் போன் செய்யலாம். ரவுட்டரே சொல்லாவிட்டால் கோளாறு கடைக்குள்தான். அவர்களைத் திட்டிப் பயனில்லை. கம்ப்யூட்டரின் சொந்த எண் 169.254 என்று தொடங்கினால், எண் கேட்டும் அதற்கு யாரும் கொடுக்கவில்லை என்று பொருள். கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

பில் மென்பொருள் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்தால் வெளி நெட் இல்லாமலும் பில் போடலாம். இ-வே பில் எடுக்கத்தான் முடியாது. சிம் உள்ள சவுண்ட் பாக்ஸ் கடை நெட்டை நம்பியில்லை. அதன்பாட்டுக்குப் பணம் வந்ததைச் சொல்லும்.

கேமரா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கடையைப் பார்க்க வசதியாக, ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கம்பெனி போட்ட பாஸ்வேர்டையும் அப்படியே விட்டுவிடுவார்கள். 2016ல் மிராய் என்ற தீய மென்பொருள் இத்தகைய பாஸ்வேர்டுகளை வைத்தே ஏராளமான கேமராக்களையும் ரெக்கார்டர் பெட்டிகளையும் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. பாஸ்வேர்டை உடனே மாற்றிவிட்டு, எந்த வாசல் திறந்திருக்கிறது என்று கேமரா மாட்டியவரைக் கேளுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைத்துக் கொடுங்கள். பில் கம்ப்யூட்டர் இருக்கும் தெருவுக்குள் வெளியாரை விட வேண்டாம்.