‘கெட்டுப்போனது’ என்ற ஒரு சொல் போதுமா?

நல்லூர் ஒன்றியத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். விருத்தாசலத்தை ஒட்டிய பகுதி என்பதால் என் மாணவர்களின் பெற்றோரில் சிலர் செராமிக் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் நெல், கடலை, முந்திரியை நம்பி வாழ்பவர்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு சிறுதேர்வு வைத்தேன். ‘தி பிரெட் இஸ் மோல்டி’ என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுத வேண்டும். ஒரு மாணவன் ‘ரொட்டி அச்சில் செய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, ‘கெட்டுப்போனது’ என்று திருத்திக் கொடுத்தேன். தாளை வாங்கியவன் தயங்கித் தயங்கி மேசையருகே வந்தான்.

“சார், எங்கப்பா பட்டறையில மோல்டுன்னா அச்சுதான சார்?”

அவன் சொன்னது சரி. பட்டறையில் பாரிஸ் சாந்தால் செய்த அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்புறம் களிமண் படிந்து பொம்மையோ கிண்ணமோ உருவாகும். அந்த அச்சுக்கும் மோல்டு என்றுதான் பெயர். ரொட்டியில் பூக்கும் பூசணத்துக்கும் மோல்டு என்றுதான் பெயர். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றானாலும் இவை வேறு வேறு வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள். ‘மோல்டி’ என்ற உரிச்சொல் பூசணத்துக்கு மட்டுமே உரியது. இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

அன்று மாலை யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. நான் எழுதிய திருத்தமும் முழுச் சரியல்ல. ராட்டன், ஸ்டேல், ரான்சிட், மோல்டி, ஸ்பாயில்ட் ஆகிய ஐந்து சொற்களுக்கும் என் பாடக்குறிப்பில் ‘கெட்டுப்போன’ என்ற ஒரே பொருளைத்தான் கொடுத்திருந்தேன். ஐந்துக்கும் ஒரே பொருள் என்றால், எதை எங்கே பயன்படுத்துவது என்று மாணவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அம்மா, ஆயா என்ன சொல்வார்கள்?” என்று கேட்டேன். முதலில் சிரிப்பு. பிறகு சொற்கள் வந்துகொண்டே இருந்தன. சாம்பார் ஊசிப்போச்சு, பால் திரிஞ்சிப்போச்சு, தக்காளி அழுகிப்போச்சு, முறுக்கு நமுத்துப்போச்சு, எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது, ஊறுகாய் பூசணம் பூத்திருக்கு, பருப்பு உளுத்துப்போச்சு, சுவர் ஓதம் ஏறியிருக்கு, கோணி இத்துப்போச்சு. கரும்பலகையில் இடம் போதவில்லை. ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி மட்டும் நான்கு சொற்கள் சொன்னாள்.

அதன் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் இணை தேடினோம். நாங்கள் கண்டவை இவை.

அழுகிய பழம், காய், இறைச்சி ஆகியவற்றுக்கு ராட்டன். கூமுட்டைக்கும் ராட்டன் எக்தான். ஈரத்தில் ஊறி இற்றுப்போன மரத்துக்கும் அதே சொல் பொருந்தும். பூச்சி துளைத்து உளுத்துப்போன மரத்துக்கு ‘வோர்ம் ஈட்டன்’ என்பது தெளிவாக இருக்கும்.

சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய், காறிப்போன நெய், பழைய முந்திரி ஆகியவற்றுக்கு ரான்சிட். கொழுப்பு கெடுவதைக் குறிக்கும் சொல் இது. தக்காளிக்கு இதைச் சொல்ல முடியாது.

புதுமை போன ரொட்டி, முறுக்கு, பிஸ்கட்டுக்கு ஸ்டேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாளானால் ரொட்டி இறுகும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து முறுக்கு நமுக்கும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். பாலில் ஊறித் தொளதொளத்த பிஸ்கட்டுக்குத்தான் சாகி.

ஊசிப்போன சாம்பாருக்கு அப்படியே பொருந்தும் தனிச்சொல் ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை. ‘ஸ்பாயில்ட்’ என்றோ ‘கான் பேட்’ என்றோ சொல்லலாம். இந்த இடத்தில் தமிழ் நுட்பமாக இருக்கிறது என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஈரத்துக்கும் படிகள் உண்டு. சொட்டச் சொட்ட நனைந்தது வெட். லேசான ஈரம், பெரும்பாலும் நாம் விரும்பாத ஈரம், டேம்ப். ஓதம் ஏறிய சுவரும் காயாத படுக்கையும் இதில் சேரும். விரும்பத்தக்க ஈரம் மாய்ஸ்ட். விதைப்புக்கு ஏற்ற மண்ணும் மெத்தென்ற கேக்கும் அப்படி. காற்றின் ஈரப்பதத்துக்கு ஹ்யூமிட். பூட்டிக் கிடந்த அறையிலும் பழைய புத்தகத்திலும் வரும் மக்கல் வாடைக்கு மஸ்டி. வெட், டேம்ப், டிரை என்ற வரிசையைப் பட்டறைக் குழந்தைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சரியாகக் காயாத பொருளைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்பது அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

டிகே என்பதைக் கெட்ட பொருளில் மட்டும் சொல்லித்தர வேண்டாம். பல் சொத்தையாவதும் டிகே, இலை மக்கி உரமாவதும் டிகே. பள்ளியின் மக்கும் குப்பைத் தொட்டியே இதற்குப் பாடப்பொருள்.

இந்தச் சொற்களைப் பிரித்தறிவது மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தீவனமாகப் போட்டதே காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பெர்ஜில்லஸின் முதலெழுத்து, ஃபிளேவஸின் முதல் மூன்று எழுத்து, நஞ்சைக் குறிக்கும் டாக்சின் ஆகிய மூன்றும் சேர்ந்த பெயர் அது. மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் முழுவதும் அழியாது. கடலை விளையும் நம் ஊரில், நமுத்த கடலையும் பூசணம் பிடித்த கடலையும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். நமுத்ததை வறுத்துத் தின்னலாம். பூசணம் பிடித்ததைக் குப்பையில்தான் போட வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ‘என் காலை உணவு’ என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு மாணவி ‘ஐ ஏட் ஸ்டேல் ரைஸ்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே ‘இட்லி’ என்று எழுதியிருந்தாள். விசாரித்தேன். பழைய சோற்றுக்கு ஒரு கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்ததாம். “படிக்கவே அசிங்கமா இருக்கு சார்” என்றாள். பழைய சோறு நாள்பட்டுக் கெட்ட சோறல்ல. இரவில் நீரூற்றிப் புளிக்கவைத்த சோறு. ‘ஃபெர்மென்டட் ரைஸ்’ என்றோ ‘ரைஸ் சோக்ட் ஓவர்நைட்’ என்றோ எழுதலாம், ‘பழைய சோறு’ என்றே எழுதி விளக்கலாம் என்றேன். தயிரும் இட்லி மாவும் இப்படிப் புளித்து வருபவையே என்றும் சொன்னேன். இட்லியை அடித்துவிட்டுப் பழைய சோறு என்றே எழுதினாள். தவறான ஒரு மொழிபெயர்ப்பு ஒரு குழந்தையைத் தன் வீட்டுச் சாப்பாட்டை மறைக்கவைக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இதைச் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். முதல் வகுப்பில் வீட்டுச் சொற்களை மட்டும் திரட்டுங்கள். பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம். இரண்டாம் வகுப்பில் ஆங்கிலச் சொல்லைத் தனியாகத் தராமல் பெயர்ச்சொல்லோடு சேர்த்துத் தாருங்கள்: ராட்டன் எக், ரான்சிட் ஆயில், ஸ்டேல் பிரெட், டேம்ப் வால். மூன்றாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு ரொட்டித் துண்டுகளைத் தனித்தனிக் கண்ணாடித்தாள் பைகளில் போட்டு, ஒன்றில் மட்டும் சில சொட்டு நீர் விட்டு, இறுக மூடி ஒரு வாரம் கவனிக்கச் செய்யுங்கள். பையைத் திறக்கவோ முகர்ந்து பார்க்கவோ கூடாது. அப்படியே அப்புறப்படுத்திவிட வேண்டும்.

எல்லோரும் எல்லாவற்றையும் கற்றுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். டேம்ப், மாய்ஸ்ட் இரண்டையும் பாதி வகுப்பு இன்னும் குழப்பிக்கொள்கிறது. ஆனால், “சார், இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தப் பட்டறை வீட்டு மாணவன் வந்து, காயாத அச்சுகளில் கரும்புள்ளிகள் பூத்திருப்பதாகச் சொன்னான்.

“சார், எங்கப்பாவோட மோல்டே மோல்டி ஆயிடுச்சு.”

அந்த வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். பழைய தேர்வுத்தாளையும் வாங்கி, என் சிவப்பு மையை அடித்துவிட்டுப் ‘பூசணம் பிடித்தது’ என்று எழுதிக் கொடுத்தேன்.