பெயர் வேறு, ஆள் வேறு

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் உள்ள பழைய சஞ்சிகைகளுக்கு ஜாங்கோவில் ஒரு தேடுதளம் செய்கிறேன். ஆக்கங்களுக்கான அட்டவணையில் ‘எழுத்தாளர்1’, ‘எழுத்தாளர்2’ என்று இரண்டு நிரல்கள் வைத்தேன். நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்ததும் திகைத்துவிட்டேன். க. குணராசாவும் செங்கை ஆழியானும் இரண்டு ஆட்களாக வருகிறார்கள். எப்படித் திருத்துவது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: நிரல்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஐந்து வைத்தாலும் ஆறாவது ஆள் வருவார். ஓர் ஆக்கத்துக்குப் பலர், ஒருவருக்குப் பல ஆக்கங்கள். இந்தப் பல-பல தொடர்புக்கு நடுவில் ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும்.

குணராசா விடயம்தான் முக்கியம். புவியியல் நூல்களில் சொந்தப் பெயர், நாவல்களில் செங்கை ஆழியான். இரண்டையும் ஒன்றாக்கினால் அச்சான பெயர் தொலையும். பிரித்து விட்டால் ஆள் தொலைவார். ஆகவே ‘ஆள்’ ஓர் அட்டவணை, ‘பெயர்’ இன்னோர் அட்டவணை. ஒவ்வொரு பெயரிலும் ஆளைக் காட்டும் அந்நியச் சாவி. இணைப்பு அட்டவணை ஆக்கத்தைப் பெயரோடு சேர்க்கட்டும். எழுதியவரா, மொழிபெயர்த்தவரா என்பதையும் அதிலேயே பதியுங்கள். அந்த அட்டவணையை ஒரு மொடலாக எழுதி ‘த்ரூ’ என்று காட்டினால் ஜாங்கோ ஏற்றுக்கொள்ளும்.

அந்நியச் சாவி வெறுமையாக இருக்கவும் இடம் விடுங்கள். புனைபெயருக்குப் பின்னால் யாரென்று தெரியாத கவிதைகள் எங்கள் சிறுசஞ்சிகைகளில் நிறைய. நாளைக்கு ஒரு முதியவர் வந்து, “இது எங்கட அண்ணர் எழுதினது” என்று சொன்னால், ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும். அந்தப் பெயரில் வந்த அத்தனை கவிதைகளும் அந்த அண்ணரிடம் போய்ச் சேரும். ஒரே புனைபெயரில் இருவர் எழுதியிருக்கவும் கூடும் என்பதால் பெயர் நிரலுக்கு ‘யுனிக்’ போடவேண்டாம்.

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் உள்ள இதழ்களுக்கு நூலக எண் இருக்கும். அதைத் தனி நிரலில் குறியுங்கள். முதன்மைச் சாவி ஆக்காதீர்கள். அங்கே இல்லாத இதழும் உங்களிடம் இருக்கலாம்.

அந்நியச் சாவிகளில் ‘ஒன் டிலீட்’ என்ற இடத்தில் பலர் யோசியாமல் ‘காஸ்கேட்’ போடுகிறார்கள். இருமுறை பதிந்துவிட்டதென்று ஒரு சஞ்சிகையை அழித்தால், அதன் இதழ்களும் ஆக்கங்களும் கூடவே போய்விடும். 1984 இல் ஹாட்லிக் கல்லூரி நூலகத்தைத் தீயில் இழந்த ஊர் உங்களுடையது. ‘புரொடெக்ட்’ போடுங்கள், ஓர் இதழ் மிஞ்சியிருக்கும்வரை சஞ்சிகையை அழிக்க விடாது.

பழைய இரண்டு நிரல்களையும் உடனே நீக்கவேண்டாம். அவற்றிலுள்ள பெயர்களைப் புதிய அட்டவணைக்கு மாற்றி, எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பார்த்து, ஒரு பிரதியும் எடுத்துவைத்த பிறகு நீக்குங்கள்.