பஞ்சுக்கோழி அடைக்கு ஆகும்

புசுபுசுன்னு இருக்கற சில்க்கிக் கோழி வாங்கலாமான்னு சத்தியமங்கலம் பக்கத்துல அடிக்கடி கேக்கறாங்க. சீனத்து இனம். முட்டைக்கு நம்பி வாங்காதீங்க. வருசத்துக்கு ஏறக்குறைய 100, அதுவும் சிறுசு. ஆனா அடைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. வாத்து முட்டை வெச்சாலும் எந்திரிக்காது. அதுக்காகவே நான் ரெண்டு பொட்டை வெச்சிருக்கேன்.

சாதாரண இறகுல இழைகளைக் கோத்துப் பிடிக்கிற நுண்கொக்கிகள் உண்டு. இதுக்கு அது சரியா அமையறதில்லை. அதனால தண்ணி வழிஞ்சு ஓடாம தோல்வரைக்கும் ஊறிடும். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடியே சாரல் படாத, தரை ஈரமில்லாத கூடு தயாரா இருக்கணும். பறக்காது, பரண் வேண்டாம். கொண்டை கண்ணை மறைச்சா பருந்து வர்றது தெரியாது, ஓரத்தைக் கத்தரிச்சு விடுங்க. வாரம் ஒருதரம் இறகை விலக்கிச் செள்ளு, பேன் பாருங்க. புரள சாம்பலும் காய்ஞ்ச மண்ணும் போதும்.

இன்னொண்ணுங்க. நாட்டுச்சேவலோட சேர்ந்தா முதல் தலைமுறைக் குஞ்சுக்குப் பஞ்சிறகு வராது; கருந்தோல் வரலாம். அதைக் கடக்நாத்துன்னு யாராச்சும் விலை சொன்னா காலைத் தூக்கிப் பாருங்க. கடக்நாத்துக்கு நாலு விரல்தான். அஞ்சு இருந்தா சில்க்கிக் கலப்பான்னு சந்தேகப்படுங்க.