கல்லுக்குள் இருக்கும் கடலுயிருக்குப் பெயர் வைப்பது எப்படி?

மாணவர்களே, கூலாயிலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வழியாக ஈப்போவுக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியானால், மறைந்துபோன ஒரு பெருங்கடலின் தடத்தைக் கடந்திருக்கிறீர்கள். கூலாய் இருக்கும் நிலத்துண்டும் பேராக் இருக்கும் நிலத்துண்டும் ஒரு காலத்தில் தனித்தனியே இருந்தன. இடையே கிடந்த கடலின் பெயர் பாலியோ டெத்திஸ். டிரையாசிக் காலத்தில் அது மூடிக்கொண்டது. இரு நிலங்களும் ஒட்டிய தழும்புதான் பெந்தோங்–ரவுப் மண்டலம்.

அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி ரேடியோலேரியா. இது கடலில் மிதக்கும், ஒரே உயிரணு கொண்ட நுண்ணுயிர். பல இனங்களின் கூடு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அது சிலிக்காவால் ஆனது. உயிர் இறந்ததும் கூடு கடலடியில் படியும். அந்தச் சேறு இறுகி ‘சேர்ட்’ என்னும் கடினமான கல்லாகிறது. காலத்துக்குக் காலம் கூட்டின் வடிவம் மாறியதால், கல்லில் உள்ள இனத்தை அறிந்தால் கல்லின் வயதும் தெரியும். பெந்தோங்–ரவுப் மண்டலத்தில் டெவோனியன் முதல் பெர்மியன் காலம் வரையிலான ரேடியோலேரியாக்கள் கிடைத்துள்ளன. இனத்தின் பெயரில் பிழை நேர்ந்தால் கடலின் வயதும் பிழையாகும்!

சரி, இதுவரை யாரும் காணாத ஓர் இனம் கிடைத்தால் என்ன செய்வார்கள்?

1. பிரித்தெடுத்தல்: சேர்ட் துண்டுகளை நீர்த்த ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் ஊறவைத்து, கழுவிச் சல்லடையில் சலிப்பார்கள். இந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் எலும்பு வரை பாதிக்கும். எனவே இது பயிற்சி பெற்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யும் வேலை.

2. ஒப்பிடுதல்: கூடுகளை மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்து, முன்பு வெளியான விவரங்களோடு ஒப்பிடுவார்கள். முள் உடைந்த கூடும் அமிலம் அரித்த கூடும் புதிய இனம்போலத் தோன்றி ஏமாற்றும். அதனால் ஒன்றை மட்டும் பார்க்காமல் பல கூடுகளை அளப்பார்கள்.

3. பெயரிடுதல்: பெயரில் இரு சொற்கள் இருக்கும், முதலாவது பேரினம், அடுத்தது இனம். 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பெர்மியன் கால உயிருக்கு ‘நியோஅல்பைலெல்லா ஒர்னிதோஃபார்மிஸ்’ என்று பெயரிட்டனர். இரண்டாம் சொல்லுக்குப் ‘பறவை வடிவம்’ என்று பொருள்.

4. வகை மாதிரி: ஒரு கூட்டை அந்தப் பெயருக்குரிய மாதிரியாகத் தேர்ந்து, எண் இட்டு, அருங்காட்சியகம் போன்ற இடத்தில் பாதுகாப்பார்கள். பிற இனங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதை எழுதி வெளியிடுவார்கள். ஐயம் எழுந்தால் எவரும் அந்த மாதிரியைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

பெரிய அறிஞர்களும் இதில் தவறியதுண்டு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சேலஞ்சர் கப்பல் திரட்டியவற்றைக் கொண்டு, ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1887-இல் 3,000-க்கும் மேற்பட்ட புதிய ரேடியோலேரியா இனங்களை விவரித்தார். அவற்றுள் பல, ஒரே இனத்துக்கு வைத்த வெவ்வேறு பெயர்கள் என்று பின்னர் தெரிந்தது. அப்படி நேர்ந்தால் பொதுவாக முதலில் வைத்த பெயரே நிலைக்கும்.

செய்து பாருங்கள்: ஒரே செம்பருத்திச் செடியில் 20 இலைகளின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் மட்டும் ஒருவர் கண்டால், இரு வேறு செடிகளின் இலைகள் என்று நினைப்பாரா? அவர் தவறு செய்யாதிருக்க எத்தனை இலைகளைக் காட்ட வேண்டும்? நண்பர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.